நிலமானிய முறை எப்படி இயங்கியது? இங்கிலாந்தை வைத்து சில கேள்விகளும் பதில்களும்

நிலமானிய முறை என்றதும் பாடப்புத்தகத்தில் பார்த்த கூம்புப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே குதிரை வீரர்கள், அடியில் உழவர்கள். படம் தப்பில்லை. ஆனால் யார் யாருக்கு மேலே என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. யார் எதைக் கொடுத்தார், எதை வாங்கினார், கொடுக்காவிட்டால் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

ஐரோப்பா முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே அது ஒரே அடியாக வந்து இறங்கியது. ஏடுகளும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. ஒரு குடியானவர் செத்த பிறகு அவர் வீட்டு மாடு எங்கே போனது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் நிலமானிய முறை என்பது என்ன?

நிலத்தைச் சம்பளமாகக் கொடுத்து நாட்டை ஆளும் முறை.

ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கும் கருவூலம் அந்தக் காலத்து அரசரிடம் இல்லை. ஊர் ஊராக வரி வசூலிக்க அலுவலர் கூட்டமும் இல்லை. இருந்தது நிலம், அதில் உழுகிற சனம். அதனால் நிலத்தைச் சனத்தோடு சேர்த்து ஒருவரிடம் ஒப்படைத்து, "போர் வந்தால் இத்தனை குதிரை வீரர்களோடு வந்து நில்" என்றார். வாங்கியவர் அதையே துண்டு போட்டுத் தனக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுத்தார். வாங்கிய இடத்தில் வழக்கு தீர்ப்பது, தண்டம் போடுவது, வேலை வாங்குவது எல்லாம் அவர் கைக்குப் போயின.

மேல்தட்டில் பிரபுக்களுக்குள் நடந்த ஒப்பந்தத்தைத்தான் நிலமானிய முறை என்று சொல்ல வேண்டும், கீழே கிராமத்தில் நடந்தது வேறு ஏற்பாடு என்று சில வரலாற்றாசிரியர்கள் பிரிப்பார்கள். எனக்கு அந்தப் பிரிவினையில் உடன்பாடு இல்லை. பிரபுவின் போர்க்குதிரை தின்ற ஓட்ஸ் கிராமத்தில்தான் விளைந்தது. கீழே நடந்ததை விட்டுவிட்டால் மேலே நடந்ததற்குச் செலவு யார் செய்தார் என்றே தெரியாது.

இங்கிலாந்துக்கு இது எப்படி வந்தது?

1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம், ஆங்கில அரசர் ஹரால்டை வென்றார். அதற்கு முன்பும் அங்கே பெரிய நிலக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கட்டுப்பட்ட உழவர்களும் இருந்தார்கள். ஆனால் நாட்டு நிலம் முழுவதும் கடைசியில் அரசரிடமிருந்து வந்தது என்ற கொள்கையை இவ்வளவு கறாராக நிலைநாட்டியது வில்லியம்தான். வென்ற மண் எல்லாம் என்னுடையது, நான் கொடுத்தால்தான் உனக்கு என்றார்.

அடுத்த 20 ஆண்டுகளில் பழைய ஆங்கில நிலக்காரர்கள் ஏறக்குறைய மொத்தமாகத் துடைத்தெறியப்பட்டார்கள். 1086இல் கணக்கெடுத்தபோது நிலத்தின் மதிப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அரசரிடமும் அவர் குடும்பத்திடமும் இருந்தது. நான்கில் ஒரு பங்கு திருச்சபையிடம். மீதியில் பெரும்பகுதி 200க்கும் குறைவான பெரும் பிரபுக்களிடம். அந்தப் பெரும் பிரபுக்களில் ஆங்கிலேயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கணக்கெடுப்புதான் டூம்ஸ்டே புத்தகமா?

ஆமாம். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டர் நகரில் அவை கூடியபோது வில்லியம் உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டே ஆட்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் ஊர்க்காரர்களைச் சத்தியம் செய்ய வைத்து விசாரித்தார்கள். படையெடுப்புக்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னர் காலத்தில் இந்த ஊர் யாரிடம் இருந்தது? இப்போது யாரிடம்? எத்தனை ஏர்? எத்தனை குடியானவர்கள், எத்தனை அடிமைகள்? புல்வெளி, காடு, ஆலை எவ்வளவு? அன்று என்ன மதிப்பு, இன்று என்ன மதிப்பு? இதைவிடக் கூடுதலாகக் கறக்க முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அந்தக் கணக்கெடுப்பின் நோக்கமே அதில் தெரிந்துவிடுகிறது. 13,000க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் இருக்கின்றன. ஒரு எருது, ஒரு பசு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று அந்தக் காலத்து ஆங்கிலத் துறவி ஒருவர் ஆண்டுக் குறிப்பில் புலம்பியிருக்கிறார்.

நிலம் உண்மையில் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் பாதி புரிந்த மாதிரி. நாம் இன்று சொல்கிற அர்த்தத்தில், அரசரைத் தவிர யாருக்கும் சொந்தம் இல்லை. எல்லோரும் யாரோ ஒருவரிடமிருந்து வாங்கி "வைத்திருந்தார்கள்". ஒரே வயலைக் காட்டி நான்கு பேர் "என் நிலம்" என்று சொல்லலாம், நான்கு பேரும் சொல்வது சரியாகவும் இருக்கும். உழுகிறவருக்கு அதில் பயிர் வைக்கும் உரிமை. வீரருக்கு அவரிடம் வேலை வாங்கும் உரிமை. அந்த வீரரிடம் போர்ச் சேவை வாங்கும் உரிமை பிரபுவுக்கு. பிரபுவைத் தட்டிக்கேட்கும் உரிமை அரசருக்கு.

பத்திரப் பதிவு இல்லாத காலம் என்பதால் கைமாற்றுவதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். சாட்சிகளோடு அந்த வயலுக்கே போய், அதிலிருந்து ஒரு புல்கட்டியையோ ஒரு சிறு கிளையையோ எடுத்து வாங்குகிறவர் கையில் கொடுப்பார்கள். அதுதான் கிரயம்.

இப்படிக் கீழே கீழே துண்டு போட்டுக்கொண்டே போனதில் ஒரு சிக்கல் வந்தது. இடையில் அடுக்குகள் கூடக் கூட, மேலே இருப்பவருக்கு வரவேண்டியது எங்கே போகிறது என்றே தெரியாமல் போனது. 1290இல் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டார்: நிலத்தை விற்கலாம், ஆனால் விற்றவர் நடுவில் இன்னொரு எஜமானராக உட்கார முடியாது, வாங்கியவர் நேராக மேலே உள்ளவருக்குக் கட்டுப்பட வேண்டும். நிலம் மெல்ல மெல்ல விற்று வாங்கும் பொருளாக மாறியதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

விசுவாச உறுதிமொழி எடுக்கும்போது என்ன செய்வார்கள்?

நிலம் வாங்குகிறவர் ஆயுதங்களைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் பிரபு முன்னால் மண்டியிடுவார். நாம் கும்பிடுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டுவார். பிரபு அந்தக் கைகளைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்வார். "நான் உங்கள் ஆள்" என்று வாங்குகிறவர் சொல்வார். அப்புறம் எழுந்து, வேதப் புத்தகத்தின் மீது கைவைத்து விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்வார்.

இந்தப் பந்தம் இரண்டு பக்கமும் கட்டும். காப்பாற்றுவதும் நீதி வழங்குவதும் பிரபுவின் கடமை. அவர் தவறினால் "இனி நான் உங்கள் ஆள் இல்லை" என்று சொல்லி விலகும் உரிமை கீழே உள்ளவருக்கு உண்டு. 1215இல் பிரபுக்கள் ஜான் மன்னருக்கு எதிராகக் கிளம்பும் முன் இதைத்தான் முறைப்படி சொன்னார்கள்.

வில்லியம் இதிலும் உஷாராக இருந்தார். 1086 ஆகஸ்ட் 1 அன்று சாலிஸ்பரியில் முக்கியமான நிலக்காரர்களை எல்லாம் வரவழைத்து, அவர்கள் யாருடைய ஆளாக இருந்தாலும் தனக்கும் நேராகச் சத்தியம் செய்ய வைத்தார். பிரான்சில் அரசருக்கே அடங்காத பிரபுக்களை அவர் பார்த்திருக்கிறார். அவரே அப்படி ஒருவராக இருந்தவர்தானே.

பிரபுக்கள் அரசருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

முதலில் படை. இத்தனை வீரர்கள் என்று ஒவ்வொரு பிரபுவுக்கும் எண்ணிக்கை உண்டு. நாடு முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய 5,000 குதிரை வீரர்கள். ஆண்டுக்கு 40 நாள் சொந்தச் செலவில் சேவை செய்வது வழக்கம். ஆனால் 40 நாளில் முடிகிற போர் எங்கே இருக்கிறது? கோட்டை முற்றுகை பாதியில் இருக்கும்போது நாள் முடிந்துவிட்டது என்று ஆட்கள் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அதனால் ஆளுக்குப் பதில் பணம் வாங்கும் பழக்கம் சீக்கிரமே வந்தது. கேடயப் பணம் என்று அதற்குப் பெயர். 1159இல் பிரான்சின் தூலூஸ் மீதான படையெடுப்புக்கு இரண்டாம் ஹென்றி ஒரு வீரரின் மானியத்துக்கு (ஒரு வீரரைத் தர வேண்டிய நிலத்துக்கு) 2 மார்க் வீதம் வாங்கினார்; ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பணத்தில் கூலிப்படை வைத்துக்கொண்டார்.

எல்லா நிலமும் போருக்கு என்று இல்லை. அரசருக்கு அம்பு கொண்டுவந்து கொடுப்பது, வேட்டை நாய்களைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்காகவும் நிலம் கொடுத்தார்கள். அரசர் கடல் கடக்கும்போது குமட்டல் வந்தால் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையோடு கென்ட் பகுதியில் ஒரு நிலம் இருந்தது.

ஆனால் அரசருக்கு உண்மையான வருமானம் வந்தது இதிலிருந்தெல்லாம் இல்லை. சாவும் கல்யாணமும்தான் அவருக்குக் காசு.

பிரபு இறந்தால் மகனுக்கு நிலம் தானாக வராது. அரசருக்கு வாரிசுப் பணம் கட்டி மீட்க வேண்டும். எவ்வளவு என்பது அரசர் வைத்ததுதான். 1205இல் நிக்கலஸ் டி ஸ்டட்வில் என்பவரிடம் ஜான் மன்னர் கேட்டது 10,000 மார்க், அதாவது 6,600 பவுண்டுக்கும் மேல். ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம் இருந்தாலே வசதியான வீரர் என்று கருதப்பட்ட காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இது. இவ்வளவு கடனில் மாட்டினவர் ஆயுள் முழுக்க அரசரின் பிடியில்தான். பத்தாண்டு கழித்து மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் வந்தபோது பிரபுக்கள் இதை முன்வரிசையில் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு பெருநிலத்துக்கு 100 பவுண்டு, ஒரு வீரரின் மானியத்துக்கு அதிகபட்சம் 100 ஷில்லிங் (5 பவுண்டு) என்று அதன் இரண்டாவது பிரிவு வரம்பு கட்டியது.

வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். பிள்ளையும் நிலமும் அரசரின் காப்பில் போய்விடும். நில வருமானம் முழுவதும் காப்பாளருக்கு. அந்தக் காப்பாளர் உரிமையை அரசர் வெளியாருக்கு விற்கலாம். வாங்கினவர் பிள்ளை வளர்வதற்குள் காட்டை வெட்டி, மாட்டை விற்று, நிலத்தைச் சக்கையாக்கிவிடுவார். அந்தப் பிள்ளைக்கு யாரைக் கல்யாணம் செய்வது என்ற உரிமையும் ஏலத்துக்குப் போகும்.

நம் ஊர் வரலாறு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் ஞாபகம் வரும்: கோர்ட் ஆஃப் வார்ட்ஸ். இங்கிலாந்தில் இந்தக் காப்பாளர் உரிமை வருமானத்தை நிர்வகிக்க 1540இல் ஏற்பட்ட நீதிமன்றத்தின் பெயர் அது. அங்கே அது ஒழிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு, 1804இல் சென்னை மாகாணத்தில் அதே பெயரில் ஓர் அமைப்பைக் கம்பெனி அரசு ஏற்படுத்தியது. நோக்கம் வேறு: சிறுவரான ஜமீன்தார்களின் சொத்தைப் பாதுகாத்து, வயது வந்ததும் ஒப்படைப்பது. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது சமஸ்தானம் அதன் பொறுப்பில்தான் இருந்தது. நோக்கம் மாறினாலும் பெயர் அப்படியே கப்பல் ஏறி வந்துவிட்டது.

கிராமத்தில் ஒரு குடியானவரின் ஆண்டு எப்படிப் போகும்?

ஒரு பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட பண்ணைக்கு மேனர் என்று பெயர். பல மேனர்களில் ஊர் வயல் மூன்று பெரும் பிரிவாக இருக்கும். ஒன்றில் குளிருக்கு முன் விதைக்கிற கோதுமையோ ரை என்ற தானியமோ, ஒன்றில் வசந்தத்தில் விதைக்கிற பார்லி, ஓட்ஸ், பட்டாணி. மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒவ்வொரு பிரிவும் வரப்பு வேலி இல்லாமல் நீள நீளப் பட்டைகளாகப் பிரிந்திருக்கும். 30 ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர் என்றால் அது ஒரே இடத்தில் இருக்காது. மூன்று பிரிவிலும் இங்கொன்று அங்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்காகட்டும் என்று. பிரபுவின் சொந்தப் பண்ணைப் பட்டைகளும் பல ஊர்களில் அவற்றுக்கு நடுவேதான்.

அந்தப் பிரபுவின் பட்டைகளை உழுவது யார்? இதே குடியானவர்கள்தான். முழுப் பங்கு நிலம் வைத்திருக்கிற குடும்பம் வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் பிரபுவுக்கு ஆள் அனுப்ப வேண்டும், கூலி கிடையாது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கூலியில்லாக் கட்டாய வேலை, அதே ரகம்.

அறுப்புக் காலத்தில் இது போதாது என்று தனியாகக் கூப்பிடுவார்கள். அப்போது சாப்பாடு உண்டு. அதிலும் இரண்டு வகை: ஏல் என்னும் பார்லி மதுவோடு சோறு போடுகிற நாள், வெறும் தண்ணீரோடு போடுகிற நாள். எந்த நாளில் எது, எத்தனை ரொட்டி, மீனா பாலாடைக்கட்டியா என்று ஏட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். சில ஊர்களில் புல் அறுக்கிறவர் நாள் முடிவில் தன் நீள அரிவாளால் தூக்க முடிகிற அளவு புல்லை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் ஆசைப்பட்டு அதிகம் அள்ளி, அரிவாளின் கைப்பிடி முறிந்துவிட்டால் புல் போச்சு. நாள் முழுக்க வெயிலில் அறுத்த ஒருவர் எவ்வளவு தூக்கலாம் என்று கைப்பிடியின் கனத்தைக் கணக்குப் போட்டு நிற்பதை யோசித்துப் பாருங்கள். இந்த முறையை எனக்குப் புரிய வைத்தது எந்தக் கூம்புப் படமும் இல்லை, இந்த அரிவாள்தான்.

தன் சொந்தப் பட்டையில் என்ன மிஞ்சும்? கோதுமை அன்று விதைத்ததைப் போல மூன்று, நான்கு மடங்குதான் விளைந்தது. 40 மூட்டை விளைந்தால் 10 மூட்டை அடுத்த விதைப்புக்கு. பத்தில் ஒன்று, அதாவது 4 மூட்டை திருச்சபைக்கு. அரைக்கப் போனால் ஆலையில் ஒரு பங்கு. மீதிதான் வீட்டுக்கு. ஒரு மழை தப்பினால் சாப்பாட்டில் கைவைப்பதா, விதையில் கைவைப்பதா என்பதுதான் கேள்வி.

பண்ணைக் குடியானவரும் அடிமையும் ஒன்றா?

இல்லை. ஆனால் சுதந்திர மனிதரும் இல்லை.

டூம்ஸ்டே கணக்கில் விற்று வாங்கப்படும் அடிமைகள் தனியாகவே இருந்தார்கள், பதிவான ஆட்களில் பத்தில் ஒரு பங்கு. அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த வகை மறைந்துவிட்டது. பாடப்புத்தகங்கள் 'பண்ணையடிமை' என்று சொல்வது வேறு ஆள். அவருக்கு வீடு உண்டு, நிலம் உண்டு, மாடு உண்டு, குடும்பம் உண்டு. வழக்கப்படி வேலை செய்கிற வரை நிலத்தை விட்டுத் துரத்த மாட்டார்கள். ஆனால் பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. வெளியூரில் தங்க ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பணம். மகனைப் படிக்க அனுப்பினால் பணம். பிரபு அநியாயம் செய்தால் அரசரின் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை.

அவர் செத்தால் வீட்டில் இருக்கிற சிறந்த கால்நடை பிரபுவுக்கு. இரண்டாவது சிறந்தது பல ஊர்களில் பங்குக் குருவுக்கு. வீட்டுத் தலைவரைப் புதைத்த கையோடு தொழுவத்திலிருந்து உழவு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்கள் என்று அர்த்தம். விதவையும் பிள்ளைகளும் அடுத்த பருவம் எதை வைத்து உழுவது என்பது பிரபுவின் கவலை இல்லை.

இவருக்கு ஆங்கிலச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? வில்லன். பண்ணை வீட்டைக் குறிக்கும் 'வில்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்ணையில் உழுகிறவர் என்றுதான் பொருள். மேட்டுக்குடியின் வாயில் அது முரடன், அற்பன், கடைசியில் கெட்டவன் என்று தேய்ந்தது. நம் சினிமா வில்லன் பெயர் அந்த உழவருடையது. ஒரு வர்க்கத்தின் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஊர் நீதிமன்றத்தை யார் நடத்தினார்கள்?

பிரபுவின் மேலாளர் தலைமையில், சில வாரங்களுக்கு ஒருமுறை மேனர் நீதிமன்றம் கூடும். யார் மாடு யார் பயிரில் மேய்ந்தது, யார் பக்கத்துப் பட்டையில் ஒரு சால் கூடுதலாக உழுதார், யார் கட்டாய வேலைக்கு வரவில்லை, யார் கலப்பட ஏல் விற்றார், எல்லாம் அங்கே வரும். ஊர் வழக்கம் என்ன என்று சொல்வது ஊர்க்காரர்களே, தண்டப் பணம் போவது பிரபுவுக்கு.

வேலை வாங்கும் மணியக்காரரும் பெரும்பாலும் குடியானவர்களில் ஒருவர்தான். அவர் நிலை திண்டாட்டம். கணக்கில் குறைந்தால் பிரபு கழுத்தைப் பிடிப்பார், கறாராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுக்க மாட்டார். அந்தப் பொறுப்பே வேண்டாம் என்று பணம் கட்டி ஒதுங்கியவர்கள் உண்டு.

'ஊர் வழக்கம்' என்பது குடியானவருக்கு இருந்த ஒரே கவசம். சட்டப்படி பிரபு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் "எங்கள் தாத்தா காலத்திலிருந்து 2 நாள்தான்" என்று ஊரே நின்றால் மூன்றாவது நாள் வாங்குவது லேசில்லை.

கையால் அரைத்துக்கொண்டால் ஆலைக் கூலி மிச்சமாகுமே?

அதற்குத்தான் தடை. பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், வீட்டில் கை எந்திரம் வைத்திருந்தால் தண்டம். இதில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊருக்குப் பிரபு, மடத்தின் தலைவரான மடாதிபதி. 1330களில் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் என்ற மடாதிபதி ஊர் மக்களின் எந்திரக் கற்களையெல்லாம் பறிமுதல் செய்தார். அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கற்களை மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். (இவர் அந்தக் காலத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர், அற்புதமான வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். அறிவும் இரக்கமும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை.)

ஐம்பது ஆண்டு அந்தக் கற்களை மிதித்து நடந்தார்கள். 1381 ஜூனில் கிளர்ச்சி வெடித்தபோது ஊர் மக்கள் மடத்துக்குள் புகுந்து, அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோயிலில் பிரசாத ரொட்டி பகிர்வது போல ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கற்களைப் பறிகொடுத்தவர்களில் பலர் அப்போது உயிரோடே இருந்திருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் மறக்கவில்லை.

பெண்களின் நிலை?

பிரபு வீட்டுப் பெண் என்றால் அவள் கல்யாணம் ஒரு சொத்துப் பரிமாற்றம். கணவன் இறந்த விதவையை அரசர் தனக்கு வேண்டியவருக்குக் கட்டிவைப்பதும், வேண்டாம் என்றால் அதற்கும் பணம் வாங்குவதும் நடந்தது. மாக்னா கார்ட்டாவின் எட்டாவது பிரிவு, விருப்பமில்லாத விதவையை மறுமணம் செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. குடியானவர் வீட்டிலோ, விதவைக்குக் கணவனின் நிலத்தை வைத்துப் பிழைக்கும் உரிமையை ஊர் வழக்கம் கொடுத்தது. ஆனால் நிலத்தோடு அதன் வேலைக் கடமையும் சேர்ந்தே வரும். ஏல் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. நீதிமன்றச் சுருள்களில் ஏல் தண்டப் பட்டியலில்தான் சாதாரணப் பெண்களின் பெயர்களை அதிகம் பார்க்கலாம்.

மாக்னா கார்ட்டா உழவர்களுக்கு விடுதலை கொடுத்ததா?

கொடுக்கவில்லை. அது பிரபுக்கள் தங்களுக்காக வாங்கிய சாசனம். 'சுதந்திர மனிதன்' என்று அதில் வருகிற இடங்களில் பண்ணைக் குடியானவர் சேர்த்தியே இல்லை. தண்டம் போடும்போது அவருடைய உழவுக்கு வேண்டியதைப் பறிக்கக் கூடாது என்று ஒரே இடத்தில் அவரைப் பற்றி ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான்.

பிறகு இந்த முறை எப்படி முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. ஆனால் முதுகெலும்பை உடைத்தது கொள்ளைநோய். 1348 கோடையில் டார்செட் கடற்கரை வழியாக இங்கிலாந்தில் நுழைந்த கருப்பு மரணம், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மக்களைக் கொண்டுபோனது. அதுவரை ஆள் அதிகம், நிலம் குறைவு. இப்போது தலைகீழ். அறுக்க ஆள் இல்லாமல் பயிர் வயலிலேயே உதிர்ந்தது. உயிர் தப்பியவர் கூலி கூடக் கேட்டார். கொடுக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து மேனருக்குப் போனார். அங்கே இருந்த பிரபுவும் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்.

நிலக்காரர்களின் நாடாளுமன்றம் சும்மா இருக்குமா? 1349இல் அரசரின் ஆணை, 1351இல் நாடாளுமன்றத்தின் சட்டம்: கூலி நோய்க்கு முன் இருந்த அளவைத் தாண்டக் கூடாது, வேலை மறுத்தால் சிறை. அதற்கு மேல் பிரான்சுடன் நடந்த போருக்காகத் தலைவரி, 1377இலிருந்து நான்கு ஆண்டுக்குள் மூன்று முறை. மூன்றாவது முறை 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு ஷில்லிங்.

1381 மே கடைசியில் எசெக்ஸில் வரி வசூலிக்க வந்தவர்களை மக்கள் விரட்டினார்கள். கென்ட்டும் சேர்ந்தது. வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள் புகுந்தார்கள். "ஆதாம் மண் வெட்டி, ஏவாள் நூல் நூற்றபோது பிரபு யார் இருந்தார்?" என்று ஜான் பால் என்ற குரு கேட்ட கேள்வி அவர்கள் வாயில் இருந்தது. வழியெல்லாம் மேனர் ஏடுகளைக் கொளுத்தினார்கள். விவரம் தெரியாத கூட்டம் செய்த நாசம் என்று இதை எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் யாருக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பது அந்தச் சுருள்களில்தான் இருந்தது. எதை எரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஜூன் 14 அன்று மைல் எண்ட் என்ற இடத்தில் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் அவர்களைச் சந்தித்தார். பண்ணைக் கட்டு ஒழியும், ஏக்கருக்கு 4 பென்னிதான் குத்தகை என்று ஒப்புக்கொண்டு சாசனம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் டைலர் கொல்லப்பட்டார். சாசனங்கள் ரத்தாயின. ஜூலை 15 அன்று ஜான் பாலைத் தூக்கிலிட்டது, அந்த எந்திரக் கற்களின் ஊரான செயின்ட் ஆல்பன்ஸில்.

தோற்றார்கள், ஆனால் பழைய மாதிரி வேலை வாங்குவதும் முடியவில்லை. அடுத்த நூறு ஆண்டில் கட்டாய வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பணக் குத்தகையாக மாறியது. நீதிமன்ற ஏட்டில் உள்ள பதிவின் நகல்தான் குடியானவரின் பட்டா என்ற முறை வந்தது. அந்தப் பட்டா முறைக்கே 1920களில்தான் சட்டம் முடிவு கட்டியது. மேல்தட்டில் போர்ச் சேவையும் காப்பாளர் உரிமையும் 1660இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஒழிந்தன. அதற்கு ஈடாக அரசருக்குப் பீர் முதலான பானங்களின் மீது வரி கொடுத்தார்கள். நிலக்காரரின் பாரத்தைக் குடிக்கிறவர் தலையில் இறக்கி வைத்த மாதிரி.

நம் ஜமீன்தாரி முறையும் இதுவும் ஒன்றா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று போலத் தெரியும், உள்ளே வேறு. பாளையக்காரர்களை வேண்டுமானால் கொஞ்சம் ஒப்பிடலாம்: நாயக்கர்களுக்குப் படை கொடுத்தார்கள், பாளையத்தைக் காவல் காத்தார்கள். ஆனால் 1802இல் கம்பெனி அரசு நிரந்தரத் தீர்வை கொண்டுவந்து சன்னத்து என்ற உரிமைப் பத்திரம் கொடுத்தபோது கேட்டது படை இல்லை, ஆண்டுதோறும் ரொக்கம். கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும். பரம்பரை விசுவாசம், கைகளைப் பொத்திக்கொள்ளும் சத்தியம் எதுவும் அங்கே செல்லாது. அது வரி வசூல் ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டு சட்டத்தின்படி சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழித்தது. இன்னொரு பெரிய வித்தியாசம் சாதி. இங்கிலாந்துக் குடியானவர் நகரத்துக்கு ஓடி ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால் பல நகரங்களில் சுதந்திரமானவர் ஆகலாம். நம் பண்ணையாளுக்கு ஓடிப்போன ஊரிலும் சாதி கூடவே வந்தது.

இன்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவரின் முழு உரிமைக்கு 'ஃபீ சிம்பிள்' என்று சட்டப்பெயர்; அந்த 'ஃபீ'யில் இன்றும் மானியம் என்று பொருள்படும் பழைய சொல்தான் ஒளிந்திருக்கிறது. உரிமையாளரே இல்லாமல் போகிற நிலம் சில சமயம் அரச மகுடத்துக்குத் திரும்புவதும் பழைய கொள்கைதான். ஸ்காட்லாந்து தன் நிலமானியச் சட்டத்தை ஒழித்தது 2004 நவம்பர் 28 அன்று. நிலமானிய முறையிலேயே ஆளப்பட்டு வந்த சார்க் என்ற சின்னத் தீவில் 2008இல்தான் முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை வந்தது.

நாட்டிங்ஹாம்ஷரில் லாக்ஸ்டன் என்ற ஊருக்குப் போனால் மூன்று பெருவயல் முறையை இன்றும் பார்க்கலாம். அதன் மேனர் நீதிமன்றம் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஊர் உழவர்களில் சிலர் நடுவர்களாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து, யாராவது பாதைக்குள் ஒரு சால் கூடுதலாக உழுதிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். உழுதிருந்தால் எல்லைக் குச்சியை அடித்துவிட்டு, தண்டம் எழுதுகிறார்கள்.